மூன்று பெயருள்ள வளையம்

என் வேலை பெயர் வைப்பது.
குழந்தைகளுக்கல்ல.
நட்டுக்கு, போல்ட்டுக்கு, டீசல் வடிகட்டிக்கு.
சில்லோயேத் தீவுகளுக்கு இடையே ஓடும்
எங்கள் ஏழு படகுகளின் எலும்புக்கும் நரம்புக்கும்.
பெயர், எட்டு இலக்க எண், அளவு, அலகு,
எந்த அலமாரி, யார் தருவார், எத்தனை நாளில்.
இதற்கு மூலத் தரவு என்று பெயர்.
என் மகன் இதை வேலையென்றே ஒப்புக்கொள்வதில்லை.
"தட்டச்சுதானே அம்மா" என்கிறான்.

ஜூலையில் 'தோனா ரேமிகியா' நின்றது.
நம் ஊர் ஜூலை: மழை மேலிருந்து விழாது,
பக்கவாட்டில் வந்து கதவைத் தட்டும்.
குளிர்விக்கும் பம்பில் ஒரு ரப்பர் வளையம்
தேய்ந்துபோயிருந்தது.
திரையைப் பார்த்தேன். இருப்பு: பூஜ்யம்.
சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வரவழைத்தோம்
நாற்பது கிராம் ரப்பரை
ஒரு மனிதனுக்கான கட்டணத்தோடு.
மூன்று நாள்.
அக்கரையில் சிப்பி ஏற்றிய லாரிகள்.
முதல் நாள் ஐஸ் உருகியது.
இரண்டாம் நாள் ஓட்டுநர்கள் சீட்டாடினார்கள்.
மூன்றாம் நாள்
காற்று எங்கள் பக்கம் திரும்பியது,
ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது.

ஆகஸ்டில் கணக்கெடுப்பு.
ஏழாம் அலமாரி, கீழ்த்தட்டு,
காய்ந்துபோன பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால்
பதினொரு வளையங்கள்.
அதே வளையம்.
"வளையம், ரப்பர், 80 மிமீ" என்று ஓர் எண்.
"ஓ-ரிங் 8 செமீ" என்று ஓர் எண்.
"கறுப்பு வட்டம், பம்புக்கு, பெரியது" என்று ஓர் எண்.
மூன்றாவது என் கைவண்ணம்.
மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்
பசியில் வைத்த பெயர்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
இங்கே கதை வேறு.
ஏட்டில் தப்பாக ஏறிய சுரைக்காயைத்
தோட்டத்தில் எவனும் பறிக்கமாட்டான்.
அது கொடியிலேயே முற்றும்,
அடுப்பு காத்திருக்கும்.

கயிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.
அலகு 'மீட்டர்' என்றிருக்க வேண்டிய கட்டத்தில்
'சுருள்' என்றிருந்தது.
இருநூறு சுருள் வந்து இறங்கியது.
இன்றும் இந்தத் துறையில்
எந்த நாயைப் பார்த்தாலும்
எங்கள் கயிற்றில்தான் கட்டியிருக்கும்.

செப்டம்பர் முழுக்கச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்,
மூன்றை ஒன்றாக்கி, இரண்டை ஒன்றாக்கி.
பொருள்கள் முடிந்து ஆட்கள் பட்டியலுக்கு வந்தபோது
எலிசேயோ பாரியா.
வழங்குநர், புவர்த்தோ மோன்ட்.
செத்து இரண்டு வருடம்.
'நீக்கு' என்றேன். கணினி மறுத்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு பழைய பில்கள்
அவர்மேல் சாய்ந்து நிற்கின்றனவாம்,
எடுத்தால் எல்லாம் சரிந்துவிடுமாம்.
அழிக்க முடியாது, முடக்கலாம்.
அதற்கு ஒரு சின்னக் கட்டம், ஒரு டிக்.

அவர் பக்கத்தில் எல்லாம் அப்படியே இருந்தது:
தொலைபேசி, வங்கிக் கணக்கு,
பணம் முப்பது நாளில்,
சரக்கு இரண்டு நாளில்.
இரண்டு என்பது கோடையில்.
கால்வாய் கொந்தளித்தால் ஐந்து என்பதை
யாரும் எங்கும் எழுதவில்லை,
எழுதத் தேவைப்படவும் இல்லை.
புயலுக்கு முந்தின நாள் அவரே கூப்பிடுவார்:
"என்ன குறையுது, எடுவினா?"
வேனில் ஏற்றிக்கொண்டு
கடைசிப் படகைப் பிடித்துவிடுவார்.
அந்தக் கேள்விக்கு எந்தத் திரையிலும் கட்டம் இல்லை.
தேடிப் பார்த்தேன்.

டிக் போட்டேன்.

அவர் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கம்பெனி
அழகாகப் படிவம் நிரப்பி அனுப்பியிருந்தது.
சரக்கு வந்துசேரும் நாள்: இரண்டு.
அதை அழித்து ஐந்து என்று எழுதினேன்.
பிறகு எழுந்துபோய்
பதினொரு வளையங்களையும்
பெயின்ட் டப்பாவுக்கு முன்னால்
நகர்த்தி வைத்தேன்.